வெண்டைக்கு நடுவே ஒரு மிஷின்

போன ஞாயிற்றுக்கிழமை ஏழுமலையிடமிருந்து போன். "மாமு, களை எடுக்கிற மிஷின் வந்துகீது. உடனே கெளம்பி வா!"

ஏழுமலை என்னோடு விம்கோ நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். ரிட்டயர் ஆனதும் மனைவி கஸ்தூரியோடு மீஞ்சூர் தாண்டிக் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்து, வெண்டை போட்டிருக்கிறான். முதல் விதைப்பு மழையில் அழுகிப்போய், கஸ்தூரி மறுபடி விதைத்துக் காப்பாற்றிய செடிகள் அவை.

நான் போனபோது ஏழுமலை மிஷினை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தான். ஆக்ஸிலரேட்டரை முழுசாக ஏற்றினான். மிஷின் துள்ளிக்கொண்டு ஓடியது. பின்னால் இவன் ஓடினான். மண் இரண்டு பக்கமும் தெறித்து, இளஞ்செடிகளை மூடியது. களை? பாதி அப்படியே நின்றது!

"யோவ், நிறுத்துய்யா! களைய வுட்டுட்டு செடியப் பொதைச்சுகினு போறியே!" என்று கத்திய கஸ்தூரி, குனிந்து ஒவ்வொரு செடியாக மண்ணை விலக்கினாள். கண்கள் கலங்கியிருந்தன. சில செடிகள் வேரோடு போய்விட்டன.

அடுத்த வரிசையில் பயந்து பயந்து ஊர்ந்தான். பிளேடு ஒரே இடத்தில் குழி தோண்டியது. புல் சுற்றிக்கொண்டு மிஷின் நின்றே போனது.

"இன்னாதான் பண்ணச் சொல்ற?" என்றான் எரிச்சலாக.

கஸ்தூரி நிமிர்ந்தாள். "ஷிப்ட் வுட்டு என்கூட சைக்கிளத் தள்ளிகினு வருவியே... அந்த நடை நட."

எனக்குச் சட்டென்று அந்தச் சாலை ஞாபகம் வந்துவிட்டது. சங்கு ஊதியதும் கேட்டிலிருந்து கொட்டும் கூட்டம். பேக்கிங் செக்‌ஷன் கஸ்தூரி, டிபன் பாக்ஸோடு. புது சைக்கிள் இருந்தும் ஏறாமல், அவளுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டே வரும் ஏழுமலை. திருவொற்றியூர் வரைக்கும்! அப்போது நாங்கள் அவனை எவ்வளவு கிண்டல் செய்திருப்போம்...

ஏழுமலை வெட்கத்தோடு சிரித்தான். பிளேடில் சிக்கிய புல்லை எடுத்துவிட்டு, நடக்க ஆரம்பித்தான். அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. களை சுருண்டு விழுந்தது. செடி அசையக்கூட இல்லை.

எல்லாவற்றையும் வேகமாக முடித்து நாம் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் எங்கே போயிற்று?

சாப்பிட்டு முடித்துப் பார்க்கிறேன் – மிஷின் இப்போது கஸ்தூரி கையில். பக்கத்து வரிசையில் ஏழுமலை கூடவே நடந்துகொண்டிருந்தான்.

கேட்டால், செடிக்குக் காவலாம்!