அப்பாவின் குரலுக்கு ஐந்து விளக்குகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தையல் மிஷின்தான் என் ஒர்க்‌ஷாப். அதன் பலகைமேல் ஒரு பிரெட்போர்டு கிடக்கும். வெள்ளையாக, முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. கம்பியைச் செருகினால் போதும், ஈயப் பற்று வேண்டாம். சரிவராவிட்டால் பிடுங்கி வேறு இடத்தில் செருகலாம். அந்தப் பிடுங்கும் வசதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

மைக்கில் வாங்கிய சத்தத்தைப் பெரிதாக்கும் சர்க்யூட் ஒன்றை அதில் செய்திருந்தேன். வேலை செய்தது. ஆனால் சத்தத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஓர் அரிப்பு. மூன்று பச்சை, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு என்று ஐந்து எல்இடியை வரிசையாகச் செருகினேன். சத்தம் ஏற ஏற ஒவ்வொன்றாக எரிய வேண்டும். மஞ்சள் மட்டும் முரண்டு பிடித்தது. பார்த்தால், அதன் இரண்டு கம்பிக் கால்களையும் இடம் மாற்றிச் செருகியிருக்கிறேன்.

அப்புறம் வீட்டில் எதையும் சும்மா விடவில்லை. இருமினேன், கை தட்டினேன், சைக்கிள் மணியைக் கழற்றி வந்து அடித்தேன். எவர்சில்வர் டம்ளர் விழுந்தால் சிவப்பு. மாவு ஆட்டினால் பச்சை இரண்டு.

அப்பா மில்லில் தறி ஓட்டியவர். பிரெஞ்சுக்காரர்கள் இருந்தபோதே வேலைக்குச் சேர்ந்தவர். தறி ஓடும் இடத்தில் யாரும் பேச்சைக் காதால் கேட்பதில்லை, உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் தன் காது போனதே அவருக்குத் தெரியவில்லை. முகம் பார்த்துப் பேசினால் பளிச்சென்று பதில் சொல்வார், வீதிக்கே கேட்கும்படி. கோரிமேடு ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்றால், நீங்கள்தான் முணுமுணுக்கிறீர்கள் என்பார்.

அம்மாவுக்கு மானம் போனது. சர்க்கரை தீர்ந்தது முதல் சித்தியோடு வந்த மனஸ்தாபம் வரை எல்லாம் வீதிக்குத் தெரியும். அதனால் அவரிடம் பேச்சையே குறைத்துக்கொண்டாள். சோறு போடும்போது ஒன்றிரண்டு வார்த்தை, அவ்வளவுதான். தன்மேல் ஏதோ கோபம் என்று அவர் நினைத்தார். நடுவில் நான் தபால்காரி. இப்படியே போனால் இரண்டு பேரும் பேசுவதையே மறந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைத் தையல் மிஷின் முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொன்னேன். என்ன பேசுவது என்று கேட்டார். அதற்கே ஐந்தும் எரிந்தன. நான் பேசினேன், பச்சையோடு நின்றது.

“உன் மிஷினு ஓரவஞ்சன பண்ணுது” என்றார்.

நம்பவில்லை, ஆனால் விடவும் இல்லை. குரலை இறக்கிச் சிவப்பை அணைத்தார். இன்னும் இறக்கி மஞ்சளை அணைத்தார். ஒரே ஒரு பச்சை எரியும்படி பேச முயன்றபோது, தான் பேசுகிறோமா என்றே தெரியாமல் தொண்டையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். சிரித்தார்தான், ஆனால் முகம் வாடிவிட்டது.

அப்போது வரிசையின் முதல் பச்சை எரிந்தது. அணைந்து, மறுபடி எரிந்தது.

“யாரும் பேசல. இது ஏன் எரியுது?” என்றார் அப்பா.

கம்பி தளர்ந்திருக்குமோ என்று அழுத்திப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. பிறகுதான் காது கொடுத்துக் கேட்டேன். அடுப்படியில் அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கீரை ஆய்ந்தபடி மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள். எனக்குப் பழகிப்போன சத்தம் என்பதால் அதுவரை உறைக்கவில்லை.

“அம்மாதான்ப்பா. பாடுது. தெனமும் பாடுமே.”

அவர் என் உதட்டையே பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. எழுந்து போய் அடுப்படி வாசலில் நின்றார்.

“இந்தப் பக்கம் திரும்பிப் பாடேன்.”

திரும்பிப் பார்த்தேன். அவர் குரலுக்கு முதல் பச்சை மட்டும்தான் எரிந்தது. அம்மா கீரைக்கட்டோடு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.