இறக்கைக்கு ஒரு கூடாரம்

உள்ளே நுழைவதற்கு முன் ஜெபசிங் சட்டையைக் கழற்றிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே உதறுகிறார். காலைக் கழுவித் துடைக்கிறார். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் திரையை ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் விலக்கிச் சட்டென்று மறைந்துவிடுகிறார். சர்ச்சுக்குள்கூட அவர் இவ்வளவு பயபக்தியோடு போய் நான் பார்த்ததில்லை.

எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்க்கிற எனக்கு இது பழகிவிட்டது. திருவொற்றியூரில் மொட்டை மாடியில் மற்றவர்கள் வடகம் காயவைப்பார்கள். இவர் விமானம் செய்கிறார். ஒருவர் மட்டும் உட்காரும் சின்ன விமானம். சாத்தாங்காட்டில் இருந்த தன் இரும்புக் கடையை மூடியபோது, இறக்கைக்கு வேண்டிய அலுமினியத் தகட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இனி அப்படித் தகடு வாங்க அவருக்கு வழியில்லை. பறக்க அனுமதி தருவார்களா என்று ஒருமுறை கேட்டேன். "அத்த அப்பால பாத்துக்கலாம் நைனா. மொதல்ல பெயிண்ட் நிக்கணும்" என்றார்.

பெயிண்டுக்குத்தான் இந்தக் கூடாரம். பிவிசி குழாய்களை நட்டு, சுற்றிலும் பிளாஸ்டிக் தாள். ஒரு பக்கம், மூடிப்போன பிரியாணிக் கடையிலிருந்து வாங்கிய எக்ஸாஸ்ட் ஃபேன். எதிர்ப்பக்கம் காற்று உள்ளே வரும் வழி. காலையில் துடைத்த தரை மத்தியானத்துக்குள் கரித்தூளில் கறுத்துப்போகிற ஊர் இது. அதனால் அந்த வழியில் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டார். தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். வெயில் காலத்தில் எங்கள் தெருவே ஜன்னலில் செய்வதுதான்.

மனைவி ஷிஜிக்குக் கூடாரத்துக்குள் அனுமதி இல்லை. நாகர்கோவில்காரர், தலையில் எண்ணெய் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. எண்ணெய் ஒரு பொட்டு பட்டாலும் அந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் குழிந்துவிடுமாம். "எண்ணத் தலைய வெச்சிகினு கிட்ட வராத ஷிஜி, பேஜாராயிடும்" என்பார் ஜெபசிங். ஷிஜி டீயைத் திரைக்கு வெளியே வைத்துவிட்டு, "பெத்த பிள்ளையக்கூட இப்படிப் பொத்தி வளக்கல்ல" என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே இறங்குவார்.

முதல்முறை அடித்த பெயிண்ட் பளபளவென்று இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. பெயிண்ட் மட்டம் என்று திட்டிவிட்டு, முழுவதையும் தேய்த்தெடுத்து மறுபடி அடித்தார். மறுபடியும் கொப்புளம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் இறக்கையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார். நானும் சட்டையை உதறி, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்தினார். கசிந்த நீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு கரிக்குது நைனா."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. குடிக்க லாரித் தண்ணீர், மற்றதற்கெல்லாம் போர்த் தண்ணீர் என்பது எங்கள் தெருவின் சட்டம். கடல்நீர் ஏறிப்போன ஆழ்துளைக் கிணறு. வாளியில் வெள்ளையாகப் படியும், குழாயை அரிக்கும். அரிசி களையக்கூட யாரும் அதை எடுக்கமாட்டோம். ஆனால் சாக்கு நனைக்க லாரித் தண்ணீரையா எடுப்பார்கள்? ஃபேன் இழுத்த இழுப்பில் அந்த உப்பு ஈரமெல்லாம் இறக்கையில் படிந்திருக்கிறது. அதன் மேலேயே மனிதர் இரண்டு முறை பெயிண்ட் அடித்திருக்கிறார்.

அவர் பெயிண்டைச் சுரண்டினார். அடியில் தகடு வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது. ஊசியை வைத்து அழுத்தினார். அது மறுபக்கம் போய்விட்டது. இன்னொரு இடத்தில் அழுத்தினார். அங்கும் போனது.

"இது பறக்காது" என்றார்.

நான் அந்தக் கோணிச் சாக்கைத் தொட்டுப் பார்த்தேன்.

மாடிப்படியில் ஷிஜி வரும் சத்தம் கேட்டது. வழக்கம்போல டீயைத் திரைக்கு வெளியே வைத்தார். ஜெபசிங் எழுந்துபோய்த் திரையை விலக்கிப் பிடித்தார்.

"உள்ள வா ஷிஜி."

ஷிஜி வாசலிலேயே நின்றார். "தலையில எண்ணெ இருக்குல்லா."

ஜெபசிங் திரையை இன்னும் கொஞ்சம் விலக்கினார்.