பொன்மணியின் இடது காது

ராஜபாளையத்தில் மத்தியான வேளையில் முடங்கியார் ரோட்டில் நின்றால் பொன்மணியைப் பார்க்கலாம். பழைய எக்ஸ்எல் வண்டி, முன்னால் சாப்பாட்டுப் பை, பின்னால் கயிறு போட்டுக் கட்டிய சாம்பார் வாளி. இடது பக்கம் வருகிறவன் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் ஒதுங்க மாட்டாள். "பொம்பளைக்கு எம்புட்டுத் திமிரு பாரு" என்று திட்டிவிட்டுப் போவார்கள். திமிரெல்லாம் ஒன்றுமில்லை. அவளுக்கு இடது காது கேட்காது.

அவள் வேலை பார்ப்பது ஒரு அறக்கட்டளையில். ஊரில் எல்லாரும் டிரஸ்ட் என்றுதான் சொல்வார்கள். கவனிக்க ஆளில்லாத வயசாளிகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுப்பார்கள். படிப்பை விட்ட பிள்ளைகளைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். போக்கிடம் இல்லாமல் வருகிற குடும்பத்துக்கு அரிசி பருப்பும் தங்க ஒரு அறையும் பார்த்துத் தருவார்கள். நல்ல காரியந்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு போட்டோ வேண்டும். இந்த ஊரில் மகன் பிறந்த நாள், மாமனார் நினைவு நாள், கல்யாண நாள் என்று எதற்கும் தர்மம் செய்வார்கள். செய்த கையோடு அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வர வேண்டும். வாங்குகிறவர் பொட்டலத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்க வேண்டும், சிரித்தால் இன்னும் நல்லது. மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த தவசிமுத்துத் தாத்தா போட்டோவுக்குப் பல்செட்டை மாட்டுவார், சாப்பிடும்போது கழற்றி வைத்துவிடுவார். அந்தப் போட்டோக்களை எடுப்பதும் பொன்மணியின் வேலைதான்.

பொன்மணிக்குப் பிறந்த ஊர் தளவாய்புரம். சின்ன வயசில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தவளை வன்னியம்பட்டியில் ஒரு லோடுமேனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் குடித்தால் அடிப்பார். குடிக்காத நாளில், ஏன் குடிக்கவில்லை என்ற கோபத்தில் அடிப்பார். பொன்மணி ஒவ்வொரு தடவையும் தாய் வீட்டுக்கு ஓடி வந்தாள். பெரிய மனுஷர்கள் ஒவ்வொரு தடவையும் உட்காரவைத்துப் பேசிச் சேர்த்து வைத்தார்கள். கடைசித் தடவை சேர்த்து வைத்தபோது இலை போட்டு வடை பாயசத்தோடு சாப்பாடு. அந்த வாரமே காது போனது. மறுநாள் அந்த ஆள் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுவதில் அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. பிறகு ஈரல் கெட்டு அவர் படுத்தபோது, மலம் எடுத்துப் போட்டு அனுப்பி வைத்தவளும் பொன்மணிதான். பிள்ளை இல்லை. அவர் போன பிறகுதான் டிரஸ்டுக்கு வந்தாள்.

ஆனி மாதக் காற்றில், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், ஒரு கட்டைப்பையோடு உட்கார்ந்திருந்த மாரிசெல்வியை அவள்தான் கண்டுபிடித்தாள். கூட ஒன்பது வயது மகள் கார்த்திகா. ஆலங்குளம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். மாரிசெல்வியின் புருஷன் பாண்டிச்செல்வம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். அவள் முழங்கைக்குக் கீழே தோசைக்கரண்டி அகலத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. பொன்மணி அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, வண்டியில் ஏற்றிக்கொண்டாள்.

டிரஸ்டின் தலைவர் நவநீதகிருஷ்ணன் பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். நல்லவர். அந்த நல்ல மனசுதான் இந்தக் கதையில் பெரிய தொந்தரவு. அன்றைக்கே மலையடிப்பட்டியில் ஒரு அறை பிடித்துக் கொடுத்தார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்கும் சொல்லிவிட்டார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. இவுக ரெண்டு பேரையும் போட்டோ எடுக்கக் கூடாது" என்றாள் பொன்மணி.

"சரிம்மா, எடுக்க வேண்டாம்" என்றார். அவர் சொன்ன சொல்லை அவர் மீறவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐப்பசியில் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பேக் கொடுத்த அன்று வந்தது வினை. கொடுத்தது பேண்டேஜ் துணி ஃபேக்டரி முதலாளி வீடு. முதலாளியின் மனைவி வெங்கடேஸ்வரிக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். பொன்மணி உள்ளே சாம்பாரை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த அம்மா பிள்ளைகளை எல்லாம் சுற்றி நிற்கவைத்து, தன் செல்லில் தானே ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்கள். முன்னால் நின்றது கார்த்திகா. ஊதா நிறப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ராஜபாளையம் வந்து முதல் தடவையாக வாய் நிறையச் சிரிக்கிறாள். பொன்மணி பார்த்து, பதறி, அழிக்கச் சொல்வதற்குள் எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள். அதில் ஒருவருக்கு ஆலங்குளத்தில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

அந்த வாரமே பாண்டிச்செல்வம் டிரஸ்டுக்கு வந்தான். சண்டைக்கு வரவில்லை. நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு சீப்புப் பழம், கூடத் தாயார். நவநீதகிருஷ்ணன் காலில் விழுந்து அழுதான்.

"எம் பிள்ள மேல சத்தியமா இனிமே தொட மாட்டேன் சார். குடிய விட்டுட்டேன் சார்."

அழுகிற மனுஷனைப் பார்த்தால் நவநீதகிருஷ்ணனுக்குத் தாங்காது. அவர் கண்ணும் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் வைத்துச் சேர்த்து அனுப்புவது என்று முடிவு செய்தார். தம்பதிக்கு டிரஸ்ட் செலவில் சேலை, வேட்டி. வெங்கடேஸ்வரி தட்டு, மாலை எல்லாம் தன் பொறுப்பு என்றார்கள்.

"ஐயா, இது வேண்டாங்கய்யா. அவன் கண்ணு எனக்குத் தெரியும்" என்றாள் பொன்மணி.

"ஒரு சந்தர்ப்பம் குடுத்துப் பாப்போமேம்மா. குடும்பத்தப் பிரிச்சு வச்ச பாவம் நமக்கு எதுக்கு?"

"நீங்க சந்தர்ப்பம் குடுக்கீக. அடி வாங்குறது அவள்லா?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "எல்லா ஆம்பளையும் உன் வீட்டுக்காரர் மாதிரி இருக்க மாட்டாங்க பொன்மணி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பொன்மணி அன்று ரோட்டோரம் வண்டியை நிறுத்தி அழுதாள். அழுது முடித்து, பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போட்டாள். விருதுநகரில் பெண்களுக்கான மையம் இருக்கிறது, அம்மாவும் பிள்ளையும் அங்கே வந்தால் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவைக்கிறோம் என்றார்கள். ஆனால் அந்தப் பெண் தானாகச் சம்மதித்து வர வேண்டும் என்றார்கள்.

மாரிசெல்வி சம்மதிக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பொன்மணி போனபோது, அவள் துணிகளை மடித்துக் கட்டைப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆலங்குளம் போவதற்கு. பாண்டிச்செல்வம் அந்த வாரமே வீட்டையும் தெரிந்துகொண்டு, தெருவில் வந்து நின்று கூப்பிட்டிருந்தான். வீட்டு ஓனரும் முந்தின நாளே, புருஷன் வந்து தெருவில் நின்று கூப்பிடுகிற வீடு நமக்குச் சரிப்படாது என்று சொல்லியாயிற்று. கார்த்திகா மூலையில் ஊதாப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் அப்பன் குரல் கேட்டதிலிருந்து அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. ஸ்கூலிலும் பேசவில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? ஏட்டி, கொல்லக் குடுக்கவா ஒன்னக் கூட்டியாந்தேன்?" என்று பொன்மணி கத்தினாள்.

"எங்க போனாலும் வருவான்க்கா. ஒத்தப் போட்டோவுல கண்டுபிடிச்சவன். ஓடி ஓடி எனக்குச் சடஞ்சு போச்சு. நா போயிட்டா இவளயாச்சும் ஒழுங்காப் படிக்க விடுவான். அம்புட்டுதான் எனக்கு வேணும்."

"விட மாட்டான்."

"தெரியும்க்கா" என்று சொல்லிவிட்டு, மாரிசெல்வி அடுத்த துணியை மடித்தாள்.

அதற்கு மேல் என்ன பேசுவது? பொன்மணி தன் கதையைச் சொல்லலாம் என்றால், அடி வாங்குகிறவளுக்கு அடி வாங்கினவள் கதையில் புதிதாக என்ன இருக்கிறது? கீழே உட்கார்ந்தாள். வலது காதைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு, பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"கார்த்திகா, இங்க வா தாயி. பெரியம்மா இந்தக் காதுல எதாச்சும் சொல்லு."

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. பிறகு மெதுவாக எழுந்து வந்து, பொன்மணியின் இடது காதில் இரண்டு கையையும் குவித்து வைத்து ஏதோ சொன்னது. காதோரம் சூடாக மூச்சு மட்டும் பட்டது.

"கேக்கல. சத்தமாச் சொல்லு."

பிள்ளை சத்தமாகச் சொன்னது.

"இன்னும் கேக்கல தாயி. பெரிய ஆளுக எல்லாம் கூடிச் சேத்து வச்ச வாரத்துல போன காது இது" என்று பொன்மணி சொன்னாள். சொன்னது பிள்ளைக்கு இல்லை. மாரிசெல்விக்கு உறைக்கட்டும் என்றுதான் இத்தனையும் செய்தாள். ஆனால் பொத்திய கையை எடுத்துத் திரும்பிப் பார்த்தால் மாரிசெல்வி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்குகிறாள். பொன்மணியின் காதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. பிள்ளை சொன்னது அவளுக்குக் கேட்டுவிட்டது.

"என்னட்டி சொன்னா?"

மாரிசெல்வி தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"அப்பாகிட்ட நா மட்டும் போறேன் பெரியம்மா, அம்மாவ விட்டுருங்கன்னு சொல்லுதாக்கா."

ஒன்பது வயசுப் பிள்ளை. அந்த வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு அது யோசித்தது இதைத்தான். பொன்மணி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மாரிசெல்வி கட்டைப்பையைப் பார்த்தபடி, "விருதுநகருக்கு எந்தப் பஸ்ஸுக்கா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் வேனில் போனார்கள். இவர்களைத் தான் பஸ்ஸில் கூட்டி வருவதாகப் பொன்மணி சொல்லியிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் சிவகாசி வழியாகப் போகிற விருதுநகர் பஸ்ஸில் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டாள். "சிவகாசி தாண்டுனதும் மிஸ்டு கால் குடு. அதுக்குப் பொறவு எனக்குப் பேசவே பேசாத. எந்த ஊருன்னு எங்கிட்டச் சொல்லாத" என்றாள். கார்த்திகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பஸ் எடுப்பதற்கு முன்பே பொன்மணி முதுகைக் காட்டி நடந்துவிட்டாள். நின்று பார்க்கத் தெம்பு இல்லை.

வீட்டுக்கு ஓடியிருக்கலாம். ஓடினால் அவன் நேராக பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வருவான். அதனால் கோயில் வாசலுக்குப் போனாள். புது வேட்டியில் பாண்டிச்செல்வம், தட்டும் மாலையுமாக வெங்கடேஸ்வரி, செல்லைக் கையில் வைத்துக்கொண்டு நவநீதகிருஷ்ணன்.

"பிள்ளைக்கு வயித்துக்குச் சேரல. பஸ் ஸ்டாண்டு பாத்ரூம்ல நிக்காக. செத்த நேரத்துல வந்துருவாக" என்றாள்.

"நா போயிக் கூட்டியாரேன்" என்று பாண்டிச்செல்வம் கிளம்பினான்.

"பொம்பளைக பாத்ரூமுக்குள்ள நீங்க எப்படிப் போவீக?"

உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். பிள்ளைக்குத் துணி மாற்றுகிறாள், மாத்திரை வாங்குகிறாள் என்று வாயில் வந்ததை எல்லாம் பொன்மணி சொன்னாள். மடியில் இருந்த செல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மாலையில் பூ வாடத் தொடங்கியது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று வெங்கடேஸ்வரி இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள். கடைசியில் செல் ஒரு முறை அடித்து நின்றது.

"அவ வரல. வர மாட்டா" என்றாள் பொன்மணி.

"எங்க இருக்கா?"

"தெரியாது."

அவன் அடித்தான். ஆண்டாள் கோயில் வாசலில், அத்தனை பேர் முன்னால், பிள்ளை மேல் சத்தியம் பண்ணின அதே கையால். அடி இடது காதில் விழுந்தது. அங்கே இனிமேல் கெட்டுப்போக ஒன்றுமில்லை. பொன்மணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்கட்டி ஒளிச்சு வச்ச?" என்று அவன் மறுபடி கையை ஓங்கியபோது, நவநீதகிருஷ்ணன் நடுவில் வந்து விழுந்தார். அவருடைய கண்ணாடி தெறித்தது. கூட்டம் கூடியதும் பாண்டிச்செல்வம் அழத் தொடங்கினான்.

அவனை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் வேனில் திரும்பினார்கள். ஊருக்குள் நுழையும்போது நவநீதகிருஷ்ணன் அவளுக்கு வலது பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"உண்மையிலயே தெரியாதாம்மா?"

"தெரியாதுய்யா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்பு கேட்பார் என்று பொன்மணி நினைத்தாள். கேட்கத் தெரியவில்லை அவருக்கு.

இதெல்லாம் நடந்து மாசங்கள் ஆகிவிட்டன. பாண்டிச்செல்வம் இன்னும் வருகிறான். லாரி ஓட்டாத நாளில் முடங்கியார் ரோட்டு டீக்கடையில் வந்து உட்கார்ந்து, அவள் வண்டி போவதைப் பார்க்கிறான். சில நாள் பின்னாலேயே வருகிறான். இடது பக்கம் அவன் வண்டி நெருங்கினால் அவளுக்குத் தெரியாது, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறாள். பயமாக இருக்கிறது, பொய் சொல்வானேன். தவசிமுத்துத் தாத்தா வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

பிள்ளை பேசுகிறாளா, எந்த ஸ்கூலுக்குப் போகிறாள், அந்த ஊதாப் பையை வைத்திருக்கிறாளா என்று நினைக்காத நாளில்லை. மையத்துக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். நம்பர் அவள் செல்லிலேயே இருக்கிறது. அவள் போடுவதில்லை. அவளுக்கே தெரியாததை அடித்து வாங்க முடியாது.