பல்லடத்துக் கணினியும் என் சுற்றறிக்கையும்

பல்லடம் அருகிலுள்ள ஒரு நூற்பாலையில் தலைமைக் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வணிகவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு ஆலோசகராக நீடிக்கும்படி முதலாளிதான் கேட்டுக்கொண்டார்; நான் விண்ணப்பிக்கவில்லை. இதை முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

முழங்கால் வலியால், கோவையிலிருந்து நாள்தோறும் ஆலைக்குப் போய்வருவது இயலாமற்போயிற்று. வேறு ஆலோசகரைப் பார்க்கலாம் என்று முதலாளியின் மகன் பேசத் தொடங்கினார். ஆலைக் கணினியை வீட்டிலிருந்தே திறந்து கணக்குப் பார்க்க என்னால் முடியும் என்றேன். ஞாயிறு காலை கோவையிலுள்ள தம் வீட்டில் செய்துகாட்டும்படி முதலாளி சொன்னார். பதவி நீடிப்பது அதைப் பொறுத்திருந்தது.

ஆலையின் கணினிப் பிரிவுப் பெண் என் மடிக்கணினியில் இணைப்பை அமைத்துக் கொடுத்தார்.

"இனி எங்கிருந்து வேணும்னாலும் திறக்கலாமுங்க சார். ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் ஆன்ல இருக்கோணுமுங்க."

வெள்ளியன்று சோதித்தோம், திறந்தது.

ஞாயிறன்று திறக்கவில்லை. கடவுச்சொல்லில் பிழையில்லை. முதலாளியின் மகன் காபியை ஆற்றியபடி, "கம்ப்யூட்டருக்கும் இன்னிக்கு லீவாட்ட இருக்குதுங்க சார்" என்றார்.

ஆலைக்குப் பேசினேன். கைகள் விசைப்பலகையில் இருந்ததால் கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டிருந்தேன். வாட்ச்மேன் எடுத்தார்.

"நேத்து சாயங்காலமே கம்ப்யூட்டரையெல்லாம் அணைச்சுப்போட்டனுங்க ஐயா. ஆபீசைப் பூட்டறப்ப அணைக்கோணும்னு நீங்கதானுங்களே உத்தரவு போட்டீங்க? செவுத்துல இன்னும் ஒட்டியிருக்குதுங்க."

"நானே சொல்றனப்பா, போடு."

"போன்ல யாரு சொன்னாலும் போடக்கூடாதுன்னு அதுக்குக் கீழயே எழுதியிருக்கீங்க. எழுத்துல குடுத்துருங்க ஐயா."

முதலாளியிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினேன். ஆணை எழுதி, கையொப்பமிட்டு, படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சற்று நேரத்தில் ஆலையின் கணக்கு என் திரையில் திறந்தது.

முதலாளி தம் மகனைப் பார்த்து, "ரிட்டயர் ஆகியும் சாரோட உத்தரவு செல்லுது பாரு. நான் சொன்னா நம்மூட்டுல ஒரு ஃபேனை அணைக்க ஆளில்ல" என்றார். வேறு ஆலோசகர் பற்றிய பேச்சு அத்துடன் நின்றது.

நான் அசடு வழிந்து பழைய சுற்றறிக்கையை ரத்து செய்துவிட்டதாக ஆலையில் சொல்கிறார்கள். அது சரியன்று. சுற்றறிக்கை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கணக்குப் பிரிவுக் கணினி ஒன்றுக்கு மட்டும், எழுத்து மூலம், விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.