சின்னம்மா தேடிய தண்டவாளம்

இராமேஸ்வரத்துக்கு அப்பால், பாலைவனம் போல் கிடந்த மணல்வெளியில், துருவேறிய தண்டவாளம் ஒரு முழம் அளவுக்கு வெளியே தெரிந்தது. சின்னம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் போக்கிலேயே நடந்தார். ஒஸ்லோவிலிருந்து கோயில் பார்க்க வந்திருந்த நாங்கள் பின்னால் போனோம். கொஞ்சத் தூரம் இரும்பு தெரியும், பிறகு மணல் விழுங்கிவிடும். செருப்புக் காலால் கிளறி மறுபடி கண்டுபிடிப்பார். ஒஸ்லோ சுரங்க ரயிலில் சாரதிப் பயிற்சிக்கு அவருக்கு இடம் கிடைத்திருந்தது. திரும்பியதும் பதில் சொல்ல வேண்டும். சித்தப்பாவோ கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். குழந்தைகள் காப்பகத்தில் நல்ல வேலை இருக்க, ஒரு வண்டிச் சனத்தின் உயிரை ஏன் தலையில் தூக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இடிந்த ஸ்டேஷன் சுவரடியில், எங்களை ஏற்றிவந்த வேன்காரர் அந்த ஊர்க் கதையைச் சொன்னார். புயலன்று சிக்னல் விளக்கு எரியவில்லையாம். காத்து நின்ற ரயில் கடைசியில் புறப்பட்டதாம். கடல் அப்படியே கொண்டுபோய்விட்டதாம். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த சித்தப்பாவுக்கு அவல் கிடைத்தது.

"கேட்டீரோ? ரெயில் வேலை எண்டால் இதுதான்."

"அந்த ரெயிலை ஓட்டின மனுசனைக் குறை சொல்லேலாது. சனம் அவசரப்பட்டிருக்கும். நானெண்டால் நிண்டிருப்பன்," என்றார் சின்னம்மா. பிறகு, கரைத்துக் குடிக்க வைத்திருந்த எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துத் தண்டவாளத்தின்மேல் வைத்தார். புது வாகனம் என்றால் சில்லுக்கடியில் பழம் வைப்பது எங்கள் வழக்கம். ஏறி நசுக்க அங்கே ரயில் ஏது? தன் குதிகாலாலேயே நசுக்கினார். "உமக்கு விசர்," என்றார் சித்தப்பா. எனக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு காலை, ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட்டிலிருந்து நானும் சித்தப்பாவும் ஏறிய வண்டி, குறொன்லாண்ட் ஸ்டேஷனை நெருங்கும்போது சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் சின்னம்மாவின் யாழ்ப்பாணத்து நொர்வேஜியன் கேட்டது: சிக்னல் வேலை செய்யவில்லை, உறுதியான தகவல் வரும்வரை வண்டி நகராது. நேரம் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்ட பக்கத்து இருக்கை இளைஞர், தமிழ்நாட்டுக்காரர், எங்களிடம் அலுத்துக்கொண்டார்.

"என்னங்க இது, மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்ல? எனக்கு மீட்டிங் இருக்கு."

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்து கழுத்துத் துண்டைச் சரிசெய்தார்.

"பொறும் தம்பி. ஓட்டுறது என்ரை மனிசி."