படியேறிய சிஸ்டர்

சிஞ்ச்வட்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்கு விடுமுறையில் வந்திருந்தார் அந்தக் கன்னியாஸ்திரி. கென்யாவில் தேயிலைத் தொழிலாளர்களோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர். வெயிலில் கறுத்த முகம், வீங்கிய முழங்கால்கள். ஆனாலும் வீட்டு வேலைக்கு வரும் பெண்களோடு தினமும் நான்கு மாடி படியேறுவார்.

“லிஃப்ட் ஓடுதே, சிஸ்டர்?” என்றேன்.

“வேலைக்கு வர்றவங்க ஏறக் கூடாதுன்னு போர்டு இருக்கே தம்பி! அங்க எஸ்டேட் ஆஸ்பத்திரியிலயும் தொழிலாளிங்களுக்குப் பின்வாசல்தான். நானும் அந்த வழியாவே போனேன். ஒன்பதாவது வருஷம் முன்வாசலைத் திறந்துட்டாங்க.”

சிரித்துவிட்டு மேலே ஏறினார்.

அன்று மாலையே போர்டைக் கழற்றினேன். குடியிருப்புக் கமிட்டியில் பெரிய சண்டை, நான் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது அந்தப் பெண்களின் மராத்தி அரட்டையோடு லிஃப்டில் போகும்போதெல்லாம் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

குடியிருப்பு சொசைட்டியின் செயலாளராக அந்தப் போர்டை எழுதி மாட்டியவனே நான்தான். அது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.