ஓனருக்கு ஒன்றாம் நம்பர்

போன வாரம் அரக்கோணத்தில் என் வீட்டுக்கு இணைய இணைப்பு கொடுக்க ஒருவர் வந்தார். மேசைக் கணினிக்கு இழுத்த நீல ஒயரின் தோலை அவர் சீவியதும் ஒரு பிளாஸ்டிக் வாசனை எழுந்தது. எனக்கு உடனே கோபம் வந்தது. வாசனையை முகர்ந்து கோபப்படுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நான் அப்படித்தான். "ஐ.பி. நம்பர் என்ன போடப்போறீங்க?" என்று கேட்டேன். "அதுவா எடுத்துக்கும் சார், நாம ஒண்ணும் போட வேணாம்" என்றார். அதுவாக எடுத்துக்கொள்ளுமாம்! அன்றைக்கும் அப்படி எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு மனிதரை இத்தனை வருஷம் நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

என் முதல் வேலை திருத்தணியில், மலைப்படிகள் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ப்ரௌசிங் சென்டரில். எட்டுக் கணினிகள். மொட்டை போட்டவர்களின் தலைச் சந்தனம் நாற்காலி முதுகில் ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு துடைத்தாலும் போகாது. ஓனருக்குக் கல்யாண மண்டபமும் இருந்தது. யாருக்கு முன்வரிசை, யாருக்கு முதல் மாலை என்பதைத் தவிர உலகத்தில் வேறு எதைப் பற்றியும் அந்த ஆளுக்குக் கவலை கிடையாது.

நெட்வொர்க் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு அறையில் இருக்கும் கணினிகளை ஒயர் போட்டு ஹப் என்ற பெட்டியில் சேர்த்தால் அது லேன். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு நம்பர், அதுதான் ஐ.பி. முகவரி. அதன் கடைசிப் பகுதிதான் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு நம்பர் இரண்டு பேருக்கு இருக்கக் கூடாது. எல்லாரும் வெளியுலகத்துக்குப் போவது ஒரே வாசல் வழியாக. அந்த வாசல் கணினிக்கு கேட்வே என்று பெயர். எங்கள் வாசல், மேசைக்கு அடியில் திரைகூட இல்லாமல் தூசி தின்றுகொண்டிருந்த ஒரு பழைய பெட்டி. வழக்கப்படி அதற்கு ஒன்றாம் நம்பர் கொடுத்திருந்தேன். ஓனருக்குப் பதினொன்று.

"நம்ம மலைக்கு எத்தினி படி?" என்று ஒருநாள் கேட்டார்.

"முந்நூத்தி அறுபத்தஞ்சு சார்."

"அந்த நம்பரைப் போடு என் சிஸ்டத்துக்கு."

"எரநூத்தி அம்பத்தஞ்சுக்கு மேல அதுல போவாது சார்."

"சாமி நம்பரே போவாதா? இன்னா படிச்சிக்கினு வந்த நீ?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். "உங்களுக்குச் சொன்னா புரியாது சார்" என்றேன். மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பு முடித்த திமிர். அடுத்து, அடியில் கிடக்கும் பெட்டிக்குத்தான் ஒன்றாம் நம்பர் என்பதை எப்படியோ கண்டுபிடித்தார். "கீழ கெடக்கிற டப்பாவுக்கு ஒண்ணு, எனக்குப் பதினொண்ணா?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒரே நம்பர் இரண்டு இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, எரிச்சல்.

அந்த வாரமே ஒரு பெண் வந்தாள். கனகம்மாசத்திரம் பக்கத்துக் கிராமம். நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி, ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். அவளுடைய அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரக் கூச்சப்பட்டு, வெயிலிலேயே நின்றார். "சீட்டு கெடைக்கலன்னா திங்கக்கெழமையே வேலைக்குக் கம்பெனி வேன்ல ஏத்திடுவேன்னு நைனா சொல்லிட்டாருண்ணா" என்றாள். பாதிப் படிவம் நிரப்பியிருப்போம், மின்சாரம் போயிற்று. யூ.பி.எஸ். ஓனரின் கண்ணாடி அறைக்கு மட்டும்தான்.

கால் மணியில் மின்சாரம் வந்தது. இணையம் வரவில்லை. ஹப்பில் எல்லா விளக்கும் எரிகிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன், தோலைச் சீவிப் புது முனை போட்டேன், டெலிபோன் ஆபீசுக்கு அடித்தேன். "சார், நீங்க எதனா மாத்துனீங்களா?" என்று ஓனரைக் கேட்டேன்.

"நான் ஒண்ணும் தொடல" என்றார். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஐந்து பத்துக்கு அவர் டீ குடிக்கப் போனபோது அவர் கணினியைப் பார்த்தேன். முகவரியின் கடைசியில் ஒன்று. மின்சாரம் இல்லாத அந்தக் கால் மணியில், கேட்வே அணைந்து கிடந்தபோது, அதன் நம்பரை எடுத்துக்கொண்டுவிட்டார். திரும்பி உயிர் வந்த கேட்வே, தன் இடத்தில் வேறு ஆள் இருப்பதைப் பார்த்து ஒதுங்கிவிட்டது. டீ குடித்துவிட்டு வந்தவரிடம் கேட்டேன். "ஒரு நம்பர் மாத்துனா இன்னாபா இப்ப? கடையே என்னுது" என்றார். அந்தப் பெண் அதற்குள் அப்பாவோடு பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாள். நான் மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

இப்போது அந்தக் கடை இல்லை, ஏதோ பேன்சி ஸ்டோர். ஹப்புகள் பழைய இரும்புக்குப் போயிருக்கும். நம்பர் போடுகிற வேலையே உலகத்தில் இல்லாமல் போய்விட்டது. ஓனர் மட்டும் இருக்கிறார், வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். எதிர்ச்சாரியில் இன்னொரு ப்ரௌசிங் சென்டர் இருந்தது, அதுவும் போய்விட்டது. அது போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை.

அன்று நாலரை மணிக்கு அந்தப் பெண் கேட்டாள்: "எதிர்ல இன்னொரு கடை கீதேண்ணா, அங்க போய்ப் பாக்கட்டா?"

"அங்கயும் இதே லைன்தாம்மா, வராது" என்றேன். அங்கே வேறு லைன். எனக்குத் தெரியும். என் நெட்வொர்க் படுத்துவிட்டது என்று எதிர்க்கடைக்காரனுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

"சரிண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் நாற்காலியில் மறுபடியும் உட்கார்ந்தாள்.